பென்ஷனில் 85 சதவீதம் வரியா?

கேள்வி: என் கணவருக்கு 71 வயது, எனக்கு 69. இருவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு 36,000 டாலர் சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசு பென்ஷன்) வருகிறது. ஐஆர்ஏ-விலிருந்து (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) 20,000 எடுக்கிறோம். சென்னையில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர் வங்கிக் கணக்கு) டெபாசிட் வட்டி 2,000 டாலர் அளவுக்கு வரும். கோவிலில் ஒருவர் 85 சதவீதம் வரியாகப் போய்விடும் என்கிறார். மகனோ வரியையே எடுத்துவிட்டார்கள் என்கிறான். எது சரி? கோவை வீட்டில் மாடி கட்ட இன்னொரு 40,000 வேண்டும். ஐஆர்ஏ-விலிருந்து எடுக்கலாமா?
- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை அம்மா. 85 என்பது வரி விகிதமே இல்லை. உங்கள் பென்ஷனில் எவ்வளவு வருமானக் கணக்கில் சேரலாம் என்பதற்கான உச்சவரம்பு அது.

ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். பென்ஷனில் பாதி, 18,000. ஐஆர்ஏ 20,000. வட்டி 2,000. (இந்தியாவில் என்ஆர்இ வட்டிக்கு வரி கிடையாது என்பதால் பலர் இங்கேயும் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவுக்கு அது வருமானம்தான்.) மொத்தம் 40,000. தம்பதிக்கு எல்லைக்கோடு 32,000. தாண்டிய 8,000-இல் பாதி, அதாவது 4,000 மட்டுமே பென்ஷனிலிருந்து வருமானத்தில் சேரும். ஆக உங்கள் வருமானம் 26,000. 65 வயது தாண்டிய தம்பதிக்கு 2025-இன் பொதுக் கழிவே (வருமானத்தில் வரி போடாமல் விடும் தொகை) 34,700. வரி பூஜ்யம். நியூ ஜெர்சி மாநிலமும் சோஷியல் செக்யூரிட்டியைத் தொடுவதில்லை.

அந்த 32,000-ஐ வைத்தது 1983-இல், ரீகன் காலத்தில். 44,000 டாலருக்கு மேல் 85 சதவீதம் என்ற இரண்டாவது கோட்டை 1993-இல் கிளின்டன் காலத்தில் போட்டார்கள். பென்ஷன் விலைவாசியோடு ஏறுகிறது, இந்தக் கோடுகள் மட்டும் ஒரு டாலர்கூட நகரவில்லை. வசதியானவர்களுக்காகப் போட்ட கோட்டை இன்று நம்மைப் போன்றவர்கள் சாதாரணமாகத் தாண்டுகிறோம். எனக்கு இதில் இன்னும் கோபம்தான்.

மகன் சொல்வது 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தை. அது இந்த வரியை எடுக்கவில்லை. 65 தாண்டியவர்களுக்குத் தலைக்கு 6,000 டாலர் கூடுதல் கழிவு தந்தது, அதுவும் 2025 முதல் 2028 வரைதான். தம்பதியின் வருமானம் 1,50,000-ஐத் தாண்டினால் அது குறையத் தொடங்கும்.

சரி, மாடிக்கு வருவோம். நான் வேலையை விட்ட வருஷம் வீட்டுக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. மொத்தப் பணத்தையும் ஒரே செக்காக எடுத்தேன். எடுத்த பணத்துக்கு வரி உண்டு என்று தெரியும், அது பென்ஷனையும் கூடவே இழுத்து வந்து வரியில் நிறுத்தும் என்பது தெரியாது. ஏப்ரலில் வரிக் கணக்குப் போட்டபோது தெரிந்தது.

உங்களுக்கும் அதே கதைதான் நடக்கும். 40,000-ஐ ஒரே வருஷத்தில் எடுத்தால் பென்ஷனில் 30,600 வருமானத்தில் சேர்ந்துவிடும், முழு 85 சதவீதம். 26,000 ஆக இருந்த வருமானம் 92,600 ஆகும். புதிய கழிவையும் சேர்த்துக் கழித்த பிறகு மத்திய வரி சுமார் 5,030 டாலர். அதையே டிசம்பரில் 20,000, ஜனவரியில் 20,000 என்று எடுத்தால், 2025 கணக்குப்படி வருஷத்துக்கு 1,490 தான். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 2,980. ராத் கணக்கு (வரி கட்டிய பணத்தைப் போட்டுவைக்கும் ஓய்வுக்காலக் கணக்கு) ஏதாவது இருந்தால் முதலில் அதிலிருந்து எடுங்கள். ஐந்து வருஷம் கடந்த ராத் பணம் இந்தக் கூட்டலிலேயே வராது.

ஆகவே எடுக்கலாம். கோவை மேஸ்திரியிடம் மட்டும், பாதிப் பணம் பொங்கலுக்கு முன்னால்தான் வரும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.