மலையாற்றுத் தூண்டில் பயணம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற முறை ஃப்ளை ஃபிஷிங் பயணம் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை வீசி, ஒரு வழிகாட்டியின் துணையோடு, சாலை எட்டாத மலையாறுகளில் ட்ரவுட் மீன் பிடிக்கும் பயணம் அது. அதன் பிறகு வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கும். சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் கோபத்தை மட்டும் வெட்டவில்லை.

கேள்வி: தினமும் பதினைந்து மீன் உத்தரவாதம் என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்கிறது. நம்பலாமா?

பதில்: தொட்டி மீனுக்கு உத்தரவாதம் தரலாம். காட்டாற்று மீனுக்கு அதைப் பெற்ற தாய்கூடத் தர முடியாது.

கேள்வி: மனித நடமாட்டமே இல்லாத ஆறு, இயற்கையாக வளர்ந்த மீன் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். நான் பிடித்த ட்ரவுட்டுகளின் முதுகுத் துடுப்பு தேய்ந்து மொட்டையாக இருந்தது. எல்லா மீனும் ஒரே அளவு. கேட்டால், கல்லில் உரசியிருக்கும் என்றார் வழிகாட்டி. எனக்கு எதிலும் சந்தேகம் என்கிறார் என் கணவர்.

பதில்: கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், அம்மா. உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பண்ணைத் தொட்டியில் நெருக்கியடித்து வளரும் மீன்கள் ஒன்றின் துடுப்பை ஒன்று கடிக்கும்; சிமென்ட் சுவரிலும் உரசிக்கொள்ளும். முதுகுத் துடுப்பும் மார்புத் துடுப்பும் முதலில் தேயும். ஒரே நாளில் முட்டையிலிருந்து பொரிந்த கூட்டம் என்பதால் அளவும் ஒன்றாக இருக்கும். காட்டாற்றில் விரல் நீளக் குஞ்சும் இருக்கும், முழங்கை நீளக் கிழமும் இருக்கும். துடுப்பை விரித்துப் பிடித்தால் விளிம்பு கத்தரித்ததுபோல் சீராகத் தெரியும்.

ஆற்றில் மீன் கொண்டுவந்து விடுவது குற்றமில்லை. ஆஸ்திரேலியாவின் தீவான டாஸ்மேனியாவுக்கு 1864-இல் ட்ரவுட் முட்டைகள் கப்பலில்தான் போயின; அங்கிருந்து 1867-இல் நியூசிலாந்துக்குப் போயின. இன்று உலகமே தேடிப் போகும் நியூசிலாந்தின் பழுப்பு ட்ரவுட் அந்த வந்தேறிகளின் வம்சம். ஆனால் அவை தலைமுறை தலைமுறையாக ஆற்றிலேயே முட்டையிட்டு வளர்ந்தவை. போன வாரம் லாரியில் வந்ததைக் காட்டி இயற்கை என்பது பொய். துடுப்பு தெரியும் படங்களையும் விளம்பரத்தில் உள்ள அந்த வாக்கியத்தையும் ஒரே கடிதத்தில் வைத்து அனுப்பி, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: எட்டு நாள் பயணம் என்று பணம் கட்டினேன். ஆற்றில் நின்றது ஐந்தரை நாள்தான்.

பதில்: வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் விற்பவர் கணக்கில் நாட்களே. எத்தனை இரவு, எத்தனை பகல் என்று கேட்காதீர்கள். எத்தனை நாள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரில் நிற்பேன் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கட்டணம் 'ஒரு ராடுக்கு' என்று இருந்தது. தூண்டில் கம்புக்கு வாடகை என்று நினைத்தேன்.

பதில்: இந்தத் தொழிலில் ராடு என்றால் ஆள். 'ஆறு ராடு' என்றால் ஆறு பேர் தங்கும் முகாம். இரண்டு ராடுக்கு ஒரு வழிகாட்டி என்பதே பெரும்பாலான இடங்களின் வழக்கம். நாலு பேருக்கு ஒருவர் என்றால், உங்கள் முறை வரும்வரை அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

கேள்வி: பருவத் தொடக்கச் சிறப்புச் சலுகை என்று பாதிக் கட்டணத்தில் ஒரு வாரம் கிடைத்தது. போய்ப் பார்த்தால் ஆறு செம்மண் குழம்பாக ஓடியது. ஐந்து நாளும் ஒரு மீன்கூட இல்லை. இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கைவிரித்துவிட்டார்கள்.

பதில்: இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, பதில் கொஞ்சம் நீளும்.

திடீரென்று மழை கொட்டினால் யாரையும் குறை சொல்ல முடியாது. பனி உருகுவது திடீர் நிகழ்ச்சி இல்லை. அது ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வாரங்களில் வரும் விருந்தாளி. வெயில் ஏறியதும் மலைப்பனி இளகும், ஆறு பெருகும், கரை மண்ணை அரித்துக்கொண்டு கலங்கலாக ஓடும். மீன் அங்கேதான் இருக்கும். பூச்சியை மீனால் பார்க்க முடியாது. உங்களால் ஆற்றில் நிற்க முடியாது. அங்கேயே தொழில் செய்யும் நிறுவனத்துக்கு இது பஞ்சாங்கம் போல் தெரியும். தெரிந்தே அந்த வாரங்களைச் 'சலுகை' என்று விற்கிறார்கள். சலுகை என்ற சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுவது இந்த மாதிரிக் கடிதங்கள் வரும்போதுதான்.

நானும் ஒருமுறை இப்படிப் போனவன். முழங்கால் ஆழத்தில் என் காலணி எனக்கே தெரியவில்லை. ஐந்து நாள் கூடாரத்தில் உட்கார்ந்து சீட்டு ஆடினோம். புதிதாக வாங்கிப் போன நாற்பது பொய்ப்பூச்சிகளில் ஒன்றுகூட நனையவில்லை. இன்னும் அதே டப்பாவில், கடையின் விலைச்சீட்டோடு இருக்கின்றன.

எல்லா மலையாறும் ஒரே மாதிரி கலங்குவதில்லை. பனியாற்றின் அடியிலிருந்து கிளம்பும் ஆறு, பாறையை அரைத்த மாவைச் சுமந்துகொண்டு, கோடை முழுவதும் மோர் நிறத்தில் வரும். அதில் விடியற்காலையில் நீர் குறைவு, பிற்பகலிலிருந்து ஏறும். ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றில் வண்டல் ஏரியிலேயே படிந்துவிடுவதால் தண்ணீர் தெளிந்திருக்கும். ஊற்றில் பிறக்கும் ஓடை அவ்வளவு எளிதில் கலங்காது. ஆகவே பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது: பெரிய ஆறு கலங்கினால் எங்களை எந்தத் தண்ணீருக்குக் கூட்டிப் போவீர்கள்? நல்ல நிறுவனம் உடனே இரண்டு கிளை ஓடைகளின் பெயரைச் சொல்லும். மற்றவர்கள், 'அப்படியெல்லாம் ஆகாது சார்' என்பார்கள். போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் இதே வாரத்தில் எடுத்த படங்களையும் கேளுங்கள். அமெரிக்காவில் என்றால் அரசின் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான இடங்களில் ஆற்று நீரளவை அளந்து யாரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. பழைய ஆண்டுகளின் கணக்கும் அதில் உண்டு.

கோடையின் கடைசியில் வரும் மலிவு வாரத்திலும் இதேபோல் ஒரு குழி இருக்கிறது. அப்போது தண்ணீர் குறைந்து சூடேறும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பிடித்துத் திரும்ப ஆற்றில் விடும் ட்ரவுட் பிழைப்பது சந்தேகம். அமெரிக்காவின் மாண்டனா மாநிலத்தில் அப்படிப்பட்ட நாட்களில் ஒவ்வோர் ஆற்றாகப் பார்த்து, பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிப்பார்கள். தடை சரியானதுதான். அந்த அரைநாளுக்கும் நீங்கள் கட்டணம் கட்டியிருப்பீர்கள்.

உங்கள் பணம்? ஒப்பந்தத்தில் 'ஆற்றின் நிலைக்குப் பொறுப்பல்ல' என்று எழுதியிருந்தால் முழுவதும் திரும்பாது. ஆனால் உருகும் பருவம் என்பதை உங்களிடம் மறைத்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த பருவத்தில் இரண்டு நாள் இலவசமாகத் தருகிறோம் என்றாவது இறங்கி வருவார்கள்.

கேள்வி: எல்லா மீனுக்கும் ஏற்றது என்று சொல்லி ஒன்பதாம் எண் தூண்டில் கம்பைத் தலையில் கட்டிவிட்டார் கடைக்காரர். நான் போவது சிறிய மலை ஓடைக்கு.

பதில்: வாருங்கள், நம் சங்கத்தில் இடம் இருக்கிறது. நான் வாங்கியது எட்டாம் எண். அதில் மாட்டிய முதல் மீன் என் உள்ளங்கை நீளம். மாட்டியது மீனா, மிதந்து வந்த இலையா என்பது கையிலெடுத்துப் பார்க்கும்வரை தெரியவில்லை.

அந்த எண் மீனுக்கு உரியது அல்ல, நூலின் எடைக்கு உரியது. பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது என்பதால், இந்த முறையில் நூலைத்தான் வீசுகிறோம். ஐந்தாம் எண் நூலின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். ஒன்பது அடி நீளம், ஐந்தாம் எண்: சாதாரண ட்ரவுட் ஆற்றுக்கு இது போதும். புதர் மண்டிய ஓடைக்கு மூன்று, நான்கு. சால்மனுக்கு எட்டு. கம்பு நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் பெட்டியில் அடங்கும். இதையெல்லாம்விட முக்கியம், பல முகாம்களில் கம்பை அவர்களே தருவார்கள் என்பது. கடைக்குப் போகும் முன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

கேள்வி: இணையத்தில் ஓர் ஏஜென்ட் மூலம் முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்பினேன். அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காக இரண்டு ஆண்டு சேர்த்த பணம். இப்போது அவர் போன் அணைந்திருக்கிறது. அந்த விடுதியைக் கேட்டால், எங்களுக்கு அப்படி ஏஜென்டே கிடையாது என்கிறார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள். அவர் உங்களைத் திட்ட மாட்டார். உங்களை ஏமாற்றியவன் விடுதியின் படங்களைத் திருடி, விடுதியின் மொழியிலேயே பேசியிருக்கிறான். அவன் அனுப்பியதாக நீங்கள் இணைத்த ரசீதைப் பார்த்தேன். நானும் நம்பியிருப்பேன்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் வங்கியைக் கூப்பிட்டு, 'மோசடி' என்ற சொல்லையே பயன்படுத்திப் புகார் பதியுங்கள். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அடுத்து காவல் துறையில் எழுத்துப் புகார். உரையாடல்களில் ஒரு வரியையும் அழிக்காதீர்கள். கார்டில் ஏதாவது ஒரு தவணை கட்டியிருந்தால் அந்தத் தொகையைத் திரும்பக் கோரும் வழி தனியாக உண்டு, அதையும் கேளுங்கள். சில நாட்களில் யாராவது கூப்பிட்டு, ஒரு சிறிய கட்டணம் கட்டினால் போன பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லலாம். அவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவனாகவே இருப்பான். போனை வைத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: ஏஜென்ட் தரும் எண்ணில் விடுதியைக் கூப்பிடாதீர்கள். எண்ணை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள். அந்த ஆற்றில் வழிகாட்டும் அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேள்வி: நியூசிலாந்துக்குப் புதிதாக வாங்கிப் போன ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடி காலணியை ஆற்றில் இறங்க விடவில்லை. கடைக்காரர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், தோற்பீர்கள். அங்கே 2008-லிருந்து ஃபெல்ட் அடிக்குத் தடை. டிடிமோ என்னும் பாசி 2004-இல் அங்கே நுழைந்தது. ஈரம் காயாத ஃபெல்ட்டில் அது ஒளிந்துகொண்டு ஆற்றுக்கு ஆறு பயணம் போகும். நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய பொருள் பட்டியலில் 'ரப்பர் அடி' என்று இருக்கிறதே, ஐயா. நீங்களே இணைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

கேள்வி: பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். இப்போது அந்தச் செலவு என் தலையில். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன், ஆனால் படிக்கவில்லை.

பதில்: படிக்காமல் கையெழுத்திட்டவர்களின் கடிதங்களுக்கு இனித் தனி டப்பா வைக்கப் போகிறேன். மீட்புச் செலவு பயணியுடையது என்று மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. உங்கள் காப்பீட்டை எடுத்துப் பாருங்கள். மருத்துவச் செலவு வேறு, தேடல்-மீட்பு வேறு. பல காப்பீடுகளில் உயர வரம்பும் இருக்கும். முகாம் அதற்கு மேலே இருந்தால் ஒன்றும் கிடைக்காது. 'எல்லாச் செலவும் அடக்கம்' என்று நிறுவனம் உங்களுக்கு எங்காவது எழுதியிருந்தால் மட்டும் மீண்டும் எழுதுங்கள். கால் குணமாகட்டும்.

கேள்வி: அங்கே போய் வீசக் கற்றுக்கொள்ளலாமா?

பதில்: கற்கலாம். மைதானத்தில் இலவசமாகக் கற்பதை அங்கே நாள் கட்டணம் கட்டிக் கற்பீர்கள்.

கேள்வி: திருமண நாளுக்கு என் கணவர் என்னைக் கேட்காமலே இருவருக்கும் இந்தப் பயணத்தை வாங்கிவிட்டார். எனக்கு மீனைத் தொடவே அருவருப்பு. முன்பணம் திரும்பி வராதாம்.

பதில்: முன்பணத்தை விடுங்கள். மீன் பிடிக்காமல் உடன் வருபவருக்குப் பல முகாம்களில் தனிக் கட்டணம் உண்டு, கணிசமாகக் குறையும். உங்கள் பெயரை அதற்கு மாற்றச் சொல்லி இன்றே எழுதுங்கள். மிச்சமாகும் தொகையில் உங்களுக்கு என்ன வேண்டுமோ, அதைக் கணவரைக் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.