பாட்டி வந்து வேர் பிளக்கக் கற்றுக்கொடுத்தால் படிப்பு கெடுமா?

கேள்வி: அலாஸ்காவில் சில பள்ளிகளில் பாட நேரத்திலேயே ட்லிங்கிட் என்ற பூர்வகுடி இனத்து முதியவர்களை வரவழைத்துக் கூடை முடையவும் மீன் அறுக்கவும் கற்றுக்கொடுக்கிறார்களாமே, பிள்ளைகளின் படிப்பு கெடாதா?

கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் வேலை மாற்றலாகி அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ பக்கம் வந்திருக்கிறீர்கள், பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறது என்று தோன்றுகிறது. கெடாது. நான் தென்கிழக்கு அலாஸ்காவில் ஒரு தீவு ஊரில் ஆறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். வந்த முதல் வருஷம் இதே கேள்வியை நானும் கேட்டேன், அதுவும் கேட்கக் கூடாத ஆளிடமே கேட்டேன். இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ட்லிங்கிட் இல்லை, சங்கரன்கோவில்காரன். அவர்களுக்காகப் பேச எனக்கு உரிமை கிடையாது. என் வகுப்பில் என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என் வகுப்புக்கு வந்து கற்றுக்கொடுத்த ட்லிங்கிட் பாட்டியின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை, அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

அது மே மாதம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் நீரோட்டம் ஏறி, வேரின் பட்டை லேசாகக் கழலும் பருவம். முந்தின வாரமே பாட்டி பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடை முடைவதற்கான வேரைத் தோண்ட வைத்திருந்தார். ஒரு மரத்தில் சில வேர்கள்தான் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் மண்ணையும் பாசியையும் பழையபடி மூடிவிட்டு, மரத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்குப் பின்னால் நெருப்பு மூட்டி வேர்களை வாட்டினார்கள். வாட்டிய வேரை, நுனி பிளந்த ஒரு குச்சியின் இடுக்கில் கொடுத்து இழுத்தால் பட்டை அப்படியே கழன்று வருகிறது. அவித்த பனங்கிழங்கில் தோல் உரித்திருக்கிறீர்களா? அதே மாதிரி, ஆனால் ஆள் நீளத்துக்கு. உள்ளே வேர் தந்த நிறத்தில் வழவழவென்று இருக்கும்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. வேரை நடுவில் சரிபாதியாகப் பிளக்க வேண்டும். தலைப்பில் கத்தியால் ஒரு கீறல், பிறகு ஒரு பாதியைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்றதைக் கையால் பிரித்துக்கொண்டே போனார் பாட்டி. பிளவு ஒரு பக்கமாக ஓடினால் ஒரு பாதி மெலிந்து அறுந்துவிடும். அப்போது எல்லாரும் மெலிந்த பக்கத்தைத்தான் பயந்து பயந்து இழுப்பார்கள், தப்பு. தடித்த பக்கத்தை வளைத்து இழுத்தால் பிளவு மெல்ல நடுவுக்குத் திரும்பும். இதை அவர் வாயால் சொன்னது ஒரே தடவை. மற்றபடி பிள்ளையின் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து, அந்த இடம் வந்ததும் ஒரு அழுத்து, அவ்வளவுதான். "சூப்பர்", "வெரி குட்" எதுவும் இல்லை. சரியாக வந்தால் அடுத்த வேரை எடுத்து நீட்டுவார். அந்த வேரை வாங்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டு பீரியட் முடியப் போகிறது, பாதிப் பேர் முடிக்கவில்லை, அடுத்த வாரம் பரீட்சை. நான் போய், "மிச்சத்தை வீட்டில் செய்யச் சொல்லலாமா? இதெல்லாம் பரீட்சையில் வராது, இவர்கள் படிப்பு கெடக் கூடாதே" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து "உட்கார்" என்று ஒரு வேரைக் கொடுத்தார். மூன்று தடவை அறுத்தேன். நான்காவது தடவை என் விரல் மேலும் அந்த அழுத்து விழுந்தது.

அப்போதுதான் இன்னொன்று நடந்தது. வகுப்பு முடியும் முன் ஒவ்வொருவரும் எழுந்து ட்லிங்கிட் மொழியில் தன்னைச் சொல்ல வேண்டும்: என் பெயர் இது, நான் காகத்தின் பக்கம் அல்லது கழுகின் பக்கம், என் அம்மா வழிக் குலம் இது, அப்பா இன்ன குலம். ஒரு பெண் திணறினாள். அந்த மொழியில் தொண்டைக்குள் வெடிக்கிற ஒலிகள் நிறைய, நாக்கின் ஓரத்தில் காற்று சீறும் ஒலிகளும் உண்டு. ஆனால் ப இல்லை, ம கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நம் அம்மாவையும் அப்பாவையும் அதில் சொல்லவே முடியாது, அங்கே அம்மா 'த்லா', அப்பா 'ஈஷ்'. பின்னால் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். பாட்டி கையிலிருந்த வேரைக் கீழே வைத்தார்.

"இந்தப் பேச்சைப் பேசினேன் என்று பள்ளிக்கூடத்தில் என்னை அடித்தார்கள். எனக்கு அப்போது இவளைவிடச் சின்ன வயசு. பேசினதுக்கு நான் அடி வாங்கியாச்சு. இனி இந்தக் கட்டடத்தில் யாரும் அதுக்காக வெட்கப்பட வேண்டாம். நீ சொல்லும்மா, தப்பாவே சொல்லு" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என்னால் இப்படித்தான் தமிழில் எழுத முடிகிறது. அவள் சொன்னாள். சிரித்த பையன்களும் சொன்னார்கள். கிளம்பும்போது பாட்டி "யீ குஆ யாஹ் ஹ்வான்" என்றார். தைரியமாக, பலமாக இருங்கள் எல்லாரும் என்று பொருள். அந்த ஒலிகளுக்கு நம் எழுத்து போதாது.

பள்ளிக்கூடம் என்றாலே அடி என்று இருந்த ஒருவர், எண்பது வயதுக்கு மேல் மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கே திரும்ப வந்து கற்றுக்கொடுக்கிறார். அவரிடம் போய்த்தான் நான் படிப்பு கெடுமே என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்து என்னிடம் திரும்பி, "நீ யார்? உங்கள் அம்மா எந்தக் குலம்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நம் ஊர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எதற்கு வரும் என்று தெரியும். என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டுத்தானே தண்ணீர் எந்தத் தம்ளரில் தருவது என்று முடிவு செய்வார்கள். ஆனால் இங்கே அது வேறு கணக்கு என்று பிறகு புரிந்தது. ட்லிங்கிட் ஆட்கள் எல்லாரும் இரண்டு பக்கம், காகம், கழுகு. குலம் அம்மா வழி. வழக்கப்படி காகம் கழுகைத்தான் கட்ட வேண்டும், சொந்தப் பக்கத்தில் கட்டக் கூடாது. ஒருவர் இறந்தால் எதிர்ப்பக்கத்தார்தான் வந்து எல்லாம் செய்வார்கள். பிறகு பெரிய விருந்து வைத்து அவர்களுக்குக் கைம்மாறு செய்வார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் யாருக்கு யார் தோள் கொடுப்பது என்று தெரியும். பழைய காலத்தில் அங்கேயும் உயர்வு தாழ்வு இருந்தது, அடிமைகளும் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஒரு பிள்ளை நிமிர்ந்து நின்று பதில் சொல்லும் கேள்வியாக நான் முதன்முதலில் கேட்டது அந்த வகுப்பில்தான். என் அம்மாவின் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னேன். போதும் என்று தலையாட்டினார்.

இதெல்லாம் காட்சிக்கு வைக்கிற பண்பாடு, நிலைக்காது என்று யாராவது கீழே எழுதுவீர்கள். 1985-இல் க்ளுக்வான் என்ற ட்லிங்கிட் ஊரைச் சேர்ந்த ஜென்னி த்லுனாட், தொண்ணூறு தாண்டிய வயதில், ஹெய்ன்ஸ் ஊரில் பெண்களைக் கூட்டி வைத்துச் சில்காட் நெசவு கற்றுக்கொடுத்தார். மலையாட்டு ரோமமும் மஞ்சள் தேவதாருப் பட்டையும் சேர்த்துத் திரித்த நூலில் போர்வை நெய்வது அது. அடுத்த வருஷம் அவர் காலமானார். அன்று கற்றவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, இன்று அந்தப் போர்வைகளை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2014-இல் மாநில அரசே ட்லிங்கிட் உட்பட இருபது பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழிகளாகச் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் சட்டத்தால் நாக்கு திரும்பாது, அதற்கு அந்த மாதிரிப் பாட்டிகள் வேண்டும். சரளமாகப் பேசுகிற முதியவர்கள் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

        

மார்க் கூடியதா என்று கேட்டால், நான் அளந்து பார்க்கவில்லை, இல்லாததைச் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் ஒரு வருஷமாக வாய் திறக்காத அந்தப் பெண் மறுநாள் கரும்பலகைக்கு வந்து, தப்பாகப் போட்ட கணக்கை நின்று திருத்திவிட்டுப் போனாள். அதை மட்டும் பார்த்தேன்.

உங்கள் பள்ளியிலிருந்து பெற்றோர் யாராவது உதவிக்கு வரலாம் என்று சீட்டு வந்தால் போங்கள். பாட்டியைக் காரில் கூட்டி வர ஆள் தேவைப்படும், சாய்மானம் உள்ள நாற்காலி தேவைப்படும். அவர் பாடினால் போனை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள், பாட்டுகள் குலத்துக்குச் சொந்தம், கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மகனோ மகளோ சாயந்திரம் ஒரு சுருள் வேரோடு வந்து வாளி கேட்டால் கொடுங்கள். காய்ந்த வேர் ஊறினால்தான் வளையும். பச்சைத் தண்ணீர் போதும்.