கையெழுத்துப் போடுவதற்கு முன்

இளையோரின் பாலியல் நலம் குறித்துச் சேலம் மாவட்டத்தில் கள ஆய்வு செய்துவரும் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் இம்மாதக் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாலியல் நலம் பற்றிய ஓர் ஆய்வுக்காகப் பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டால், ஒன்றும் அறியாத பிள்ளைக்கும் ஆசை வந்துவிடாதா? அவள் சொல்வது வெளியே போகாது என்று எப்படி நம்புவது?
– ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: படிவத்தைப் பார்த்ததும் கையெழுத்திடாமல் நீங்கள் தயங்கியதை நான் மதிக்கிறேன். உங்கள் முதல் அச்சத்தைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, வயதுக்கேற்ற பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உறவில் ஈடுபடத் தூண்டுவதில்லை என்கிறது. ஆண்டுக்கணக்கில் பாடமாகச் சொல்லிக் கொடுத்தாலே அப்படித் தூண்டாதபோது, அரை மணி நேரக் கேள்வித்தாள் தூண்டிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது அச்சம் இதைவிடக் கனமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பதினெட்டு வயது நிறையாத ஒருவரை ஆய்வில் சேர்க்கப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலும், 12 வயதைக் கடந்த பிள்ளையாக இருந்தால் அப்பிள்ளையின் எழுத்து மூலமான இசைவும் வேண்டும். ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட பிறகும் உங்கள் மகள் மறுக்கலாம். பாதியில் எழுந்தும் வந்துவிடலாம்.

சொல்வது வெளியே போகாமல் இருக்க, யார் என்ன விடை சொன்னார் என்பது கேட்பவருக்கே தெரியாதபடி கேட்பதுதான் நல்ல வழி. 2006 முதல் 2008 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 50,000-க்கும் மேற்பட்ட இளையோரிடம் நடந்த ஆய்வில், மிக அந்தரங்கமான கேள்விக்கு உரிய விடையை அவர்களே ஓர் அட்டையில் குறித்து, உறையில் இட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். நேரில் கேட்டபோது மறுத்தவர்களிலும் சிலர் உறைக்குள் உண்மையை எழுதியிருந்தார்கள். இன்னொரு முறை, 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்பவர் முன்வைத்த கருத்தின் வழிவந்தது. நம் ஊர்ப் பூவா தலையாதான் அதற்குக் கருவி. 200 மாணவிகள் தனித்தனியே மறைவாக நாணயத்தைச் சுண்டுகிறார்கள். தலை விழுந்தவர் உண்மை எதுவானாலும் 'ஆம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தவர் உள்ளதை எழுத வேண்டும். மொத்தம் 130 'ஆம்' வந்தால், ஏறத்தாழ 100 நாணயத்தால் வந்தவை. மீதி 30, பூ விழுந்த 100 பேரின் உண்மையான விடை. நூற்றுக்கு முப்பது என்ற கணக்கு எங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. எந்த மாணவியின் 'ஆம்' உண்மை என்பது எவருக்கும் தெரியாது.

இந்தக் கவனத்தின் தேவையை நான் ஒரு தவறிலிருந்துதான் கற்றேன். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில், புதிதாக மணமான பெண் ஒருவரைத் திண்ணையில் வைத்தே கேள்வி கேட்டேன். மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார். எல்லாக் கேள்விக்கும் "ஒன்னுமில்லைங்க" என்ற ஒரே விடைதான் வந்தது. அந்தப் படிவத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவரை அப்படி உட்கார வைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆனால் இரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆய்வாளருக்கும் விலக்கில்லை. அந்நிலை வந்தால் என்ன செய்வார்கள், பிள்ளைக்குத் துணையாக யார் இருப்பார்கள் என்பது படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், விடை வரும்வரை கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: அரசே தேசியக் குடும்ப நல ஆய்வு நடத்தும்போது தனி ஆய்வுகள் எதற்கு?
– ஓர் ஆசிரியர், ஓமலூர்

பதில்: அந்த ஆய்வு 15 வயதிலிருந்துதான் பெண்களிடம் கேட்கத் தொடங்குகிறது, பூப்பெய்திய பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குழப்பம் அதில் பதிவாவதில்லை. 2019–21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணம் முடித்தவர்கள். அந்தப் பெண்கள் முதல் கருவைத் தள்ளிப்போட யாரிடம் வழி கேட்டார்கள், கேட்கவே முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை அவர்களுடன் உட்கார்ந்து பேசினால்தான் அறிய முடியும்.

கேள்வி: எனக்கு வயது 19. தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தம் என்கிறார்கள். உடம்பு இளைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. விளம்பரம் பார்த்து மருந்து வாங்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம், தம்பி. விந்து ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கப்படுவதன்று. அதன் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். அது தூக்கத்தில் வெளியேறுவது உங்கள் வயதில் இயல்பு. அதனால் எவரும் இளைப்பதில்லை. நம் கள ஆய்வுகளில் பையன்கள் மிகத் தயங்கிக் கேட்கும் கேள்வி இதுதான். இந்த அச்சமே சோர்வையும் தூக்கமின்மையையும் உண்டாக்குவதைக் கண்டு, மனநல மருத்துவர் என். என். விக் 1960-லேயே அதற்குத் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். பேருந்து நிலையச் சுவர்களில் 'இளமையில் செய்த தவறு' என்று எழுதி வைத்திருப்பவர்கள் விலை பேசுவது இந்த அச்சத்தைத்தான். அதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எடை உண்மையிலேயே குறைந்திருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். சிறுநீர் எரிச்சல், புண், சீழ் ஆகியவை இருந்தால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். நேரில் போகுமுன் பேசிப் பார்க்க விரும்பினால், 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் எச்.ஐ.வி., பால்வினை நோய்கள் பற்றிக் கேட்கலாம். ஏற்கெனவே ஏதேனும் மருந்து வாங்கிச் சாப்பிட்டிருந்தால், அந்த அட்டையையோ புட்டியையோ மறக்காமல் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.