அமெரிக்காவில் மாநிலச் சிறைக் கைதியின் ஆட்கொணர்வு மனுவைக் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தால், மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அங்கே சட்ட வாதம் கவிழ்ப்பதைப் போலவே காலக்கெடுவும் ஆளைக் கவிழ்த்துவிடும். நான் வழக்கறிஞர் அல்லன். அமெரிக்கத் தீர்ப்புகளை விரும்பி வாசிப்பவன்.

நம் ஊரில் குண்டர் சட்டத்தில் உள்ளே போனவருக்காக உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவோமே, அந்த வகை மனு அல்ல இது. தண்டனை உறுதியாகி, மாநில நீதிமன்றங்களில் எல்லா வழிகளையும் பார்த்து முடித்த பிறகு போடுவது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வருடக் கெடு வைத்திருக்கிறது. மரண தண்டனைக் கைதிகளைத் தவிர மற்றவர்களுக்கு அரசு செலவில் வழக்கறிஞர் கேட்கும் உரிமையும் இல்லை. அதனால் பலர் தாங்களே மனு எழுதுகிறார்கள்.

தள்ளுபடியானால் 30 நாளில் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு, வழக்கை மேலே கொண்டுபோகலாம் என்று ஒரு நீதிபதி அனுமதிச் சான்று தர வேண்டும். அதற்கு ஜெயிப்பேன் என்று நிரூபிக்கத் தேவையில்லை, தீர்ப்பு விவாதத்துக்கு உரியது என்று காட்டினால் போதும்.

கெடு விஷயத்தில் 2007-இல் வந்த பௌல்ஸ் எதிர் ரஸ்ஸல் தீர்ப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ஒஹையோ மாநிலக் கைதியான பௌல்ஸ் 30 நாள் கெடுவைத் தவறவிட்டு, கூடுதல் அவகாசம் கேட்டார். சட்டப்படி தரக்கூடியது 14 நாள். மாவட்ட நீதிபதியோ 2004 பிப்ரவரி 10 அன்று உத்தரவிட்டு, 27-ஆம் தேதி வரை, அதாவது 17 நாள் கொடுத்துவிட்டார். பௌல்ஸ் 26-ஆம் தேதியே தாக்கல் செய்தார். நீதிபதி சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பு. சட்டம் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பின்பு. செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் முடித்துவிட்டது. கெடுவை நாடாளுமன்றமே சட்டமாக வைத்திருப்பதால் அந்த 14 நாளுக்கு மேல் நீட்ட நீதிபதிக்கு அதிகாரமே இல்லையாம்! மக்களை நீதித்துறை இப்படி நடத்துவது சகிக்க முடியாதது என்று நீதிபதி சூட்டர் மறுப்புத் தீர்ப்பில் கொதித்தார். என் ஓட்டு அவருக்குத்தான்.

கைதிக்கு ஓர் ஆறுதல் உண்டு. தானே வழக்கு நடத்துபவர் அறிவிப்பைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாளையே தாக்கல் செய்த நாளாகக் கொள்ள வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடுவதற்கான ஒரு வருடக் கெடுவையும் அசாதாரணச் சூழலில் தளர்த்தலாம் என்று 2010-இல் ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டுக்கான 30 நாளுக்கு அந்தத் தளர்வு கிடையாது.