சீமோனுடைய மேல்வீடு: வேலையைப் பற்றிச் சில கேள்விகள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலையில் மனசு ஒட்டவில்லை என்று வாலிபர் ஐக்கியத்தில் பலர் சொன்னதால், கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் ஆயர் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், முப்பத்தோரு வருஷம் செலக்ஷன் மேஜையில் நின்று தோலைத் தரம் பிரித்தவன். ஆயர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிறவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். நாள் முழுக்க ஒரே தையல். ஊழியம் செய்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது அண்ணா. என் வேலையில் தேவனுக்கு என்ன இருக்கிறது?

நம் பாஷையையே பாரும்மா. கலெக்டர் ஆபீஸில் இருப்பவர் அரசு ஊழியர். கன்வென்ஷனில் பேசுகிறவர் ஊழியக்காரர். வார்த்தை ஒன்றுதான். சபைக்குள் வந்ததும் அதை மைக் பிடிக்கிறவருக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டோம். வேதத்தில் 'தேவ ஆவியினால் நிரப்பினேன்' என்று கர்த்தர் பெயர் சொல்லிச் சொல்லும் பெசலெயேல், பிரசங்கி இல்லை, கைவேலைக்காரன். பொன், வெள்ளி, மரம் என்று வேலை செய்தவன். அவன் பொறுப்பில் எழும்பிய ஆசரிப்புக் கூடாரத்துக்கு மூடியாகப் போட்டது சிவப்புத்தீர்ந்த ஆட்டுக்கடாத்தோல். யாத்திராகமம் 26-ஐயும் 31-ஐயும் சேர்த்து வாசி.

ஆனால் 'சந்தோஷப்படு' என்று உனக்கு உத்தரவு போட மாட்டேன். ஒன்று மட்டும் செய்து பார். தையல் முடிந்து நூல் முனையை வெட்டி நெருப்பில் காட்டுவாய் இல்லையா? அந்த நிமிஷத்தில், இந்த ஷூவைப் போடப்போகிற காலை நினை. உள்பக்கம் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருந்தால் எந்த ஊரிலோ ஒரு குதிகால் கொப்பளிக்கும். உன் கை சரியாக இருந்தால் அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவே தெரியாது. நல்ல தையலின் லட்சணமே அதுதான்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது அங்கிள். டேனரியில் சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை. குளித்தாலும் நாற்றம் போகாது. பஸ்ஸில் ஆட்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். கோவிலில்கூடக் கடைசி பெஞ்சுதான்.

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையும் எழுதவே உட்கார்ந்தேன்.

அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பேதுரு யோப்பா பட்டணத்தில் அநேகநாள் தங்கினான், யார் வீட்டில்? தோல் பதனிடுகிறவனாகிய சீமோன் வீட்டில். அந்தக் காலத்து யூதர்கள் தோல் பதனிடும் இடத்தை ஊரைவிட்டு ஐம்பது முழமாவது தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று விதி போட்டிருந்தார்கள். செத்த மிருகத்தைத் தொடுகிற தொழில், கூடவே நாற்றம். சீமோனுடைய வீடு கடலோரத்தில் இருந்ததாக அடுத்த அதிகாரம் சொல்கிறது. ஊருக்கு வெளியே என்றால் நமக்கு அர்த்தம் விளக்கவா வேண்டும்? சேரி எங்கே இருக்கும் என்று வட ஆற்காட்டுக்காரனுக்குத் தெரியாதா?

அந்த வீட்டு மேல்வீட்டில் ஏறி ஜெபம் பண்ணும்போதுதான் பேதுருவுக்கு அந்தத் தரிசனம் வந்தது: 'தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே.' அதற்கப்புறம்தான் யூதரல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குப் போனான். யூதரல்லாத நமக்கெல்லாம் கதவு திறந்த செய்தி ஒரு தோல்ஷாப்பின் மேலே இறங்கியது. கீழே ஊறல் தொட்டி நாறிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார். யாராவது நகர்ந்தால் நமக்குக் கால் நீட்ட இடம். ஆனால் கையுறையும் பூட்ஸும் கேட்டு வாங்கு. ஓட்டை கையுறையோடு சுண்ணாம்பில் கை விடுவது விசுவாசம் இல்லை.

ஓவர்டைம் காசு கேட்டால் 'மனுஷர்களுக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே செய்' என்று எங்கள் முதலாளி வசனம் சொல்கிறார். அவரும் சபைக்காரர்தான்.

கொலோசெயர் 3-ஆம் அதிகாரம். நல்ல வசனம். அவர் பக்கத்தைத் திருப்பவில்லை போல. 4-ஆம் அதிகாரம் முதல் வசனமே எஜமான்களுக்குத்தான்: வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார். போதாதென்றால் யாக்கோபு 5:4. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது. எனக்கும் ஒரு இடத்தில் மூன்று மாதச் சம்பளம் நின்றது. அப்போது ஜெபமும் பண்ணினேன், தொழிலாளர் நலத்துறை ஆபீஸ் படியும் ஏறினேன். இரண்டில் எது பலித்தது என்று என் மனைவியோடு இன்னும் வாக்குவாதம்.

ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தொடர்ந்து நைட் டூட்டி. நோயாளி கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. வேலூரில் பிறந்து, ஐடா அம்மா கதை கேட்டு வளர்ந்த எனக்கு இது பாவமாகத் தோன்றுகிறது.

அந்தக் கதையின் பாதியைத்தான் நமக்குச் சொல்கிறார்கள். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடருக்கு, மிஷனரி டாக்டர்களான அப்பா, தாத்தா வழியில் இங்கே வேலை செய்ய ஆசையே இல்லை. ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்த பிறகுதான் மனம் மாறியது. டாக்டராகி வந்து, 1900-ல் வேலூரில் ஒரு படுக்கையோடு தொடங்கினார்; அதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தார், ஏனென்றால் தனியாளாக முடியாது. உனக்கு மட்டும் முடிய வேண்டும் என்று யார் சொன்னது?

எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்று, குடித்து, திரும்பப் படுத்துக்கொள்ள விட்டான். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. டூட்டி மாற்றிக் கேள். லீவு இருந்தால் எடு. தூங்கின பிறகும் எரிச்சல் போகவில்லை என்றால் டாக்டரிடம் பேசு. அப்புறம் அது பாவமா இல்லையா என்று பார்க்கலாம்.

அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தார். அது பாவத் தொழில் என்று ஜெபக் கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். அம்மா அழுகிறார்.

பீடி உடம்புக்குக் கேடு, சுற்றுகிறவருக்கும் அந்தத் தூள் நல்லதில்லை. வேறு வழி திறந்தால் மாறுவது நல்லதுதான். ஆனால் சொன்னவர் மாற்று வேலை ஏதாவது கையோடு கொண்டுவந்தாரா? இல்லையென்றால் அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்கட்டும். இப்போது நீ சம்பாதித்தால் அந்த முறத்தை மடியிலிருந்து இறக்கிவைப்பது உன் கையில்.

காட்பாடியில் ரயில் ஏறி வாரம் தவறாமல் பெங்களூர் போகிறேன், ஐடி வேலை. விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரலாமா?

மேனேஜர் மேல் கோபத்தில் கேட்கிறாயா? அப்படியானால் வேண்டாம். ஆறு மாதம் கழித்து, ஒரு நல்ல திங்கட்கிழமையில், இதையே திரும்பக் கேள்.

அங்கிள், உங்களுக்கு அந்த வேலையில் சந்தோஷம் இருந்ததா?

தினமும் இல்லை. மேஜையில் தோலை விரித்து உள்ளங்கையால் தடவினால் உண்ணி கடித்த இடம், முள்கம்பி கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் கைக்கு வரும். அந்த ஆடு எங்கே மேய்ந்திருக்கும் என்று யோசிப்பேன். வெயில் காலத்தில், வேலூர் வெயிலில், மத்தியானம் அதுகூட யோசிக்கத் தோன்றாது. எப்போது சங்கு ஊதும் என்றிருக்கும். ரிட்டயராகி நான்கு வருஷம் ஆகிறது. நேற்று ஆற்காடு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு தோல் பை. என்னை அறியாமல் தடவிவிட்டேன். அவர் முறைத்தார். 'நல்ல தோல் சார், வெட்டே இல்லை' என்றேன்.