தருமபுரி மாதிரி ஊரில் சுற்றுச்சூழலை மட்டுமே பேசும் சின்னக் கட்சி வளர முடியுமா?

முடியும். ஆனால் 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லை வைத்து அல்ல. பென்னாகரம் பக்கம் போய்ப் புவி வெப்பமாதல் பற்றிப் பேசினால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். போர்வெல் தண்ணீரில் புளோரைடு, பிள்ளைகள் பல்லில் கறை என்று ஆரம்பித்துப் பாருங்கள், கையில் இருக்கும் டீ ஆறிப்போகும் வரை பேசுவார்கள். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே புளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதானே.

சிக்கல் தேர்தல் முறையில் இருக்கிறது. ஜெர்மனியில் 1983-ல் பசுமைக் கட்சி வெறும் 5.6% வாக்கோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது, காரணம் வாக்குச் சதவீதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை. இங்கே அந்த 5.6%-க்கு டெபாசிட்கூடத் தேறாது; ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும்.

2024-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பசுமைத் தாயகம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவராக இருந்த சௌமியா அன்புமணி பாமக வேட்பாளராகத் தருமபுரி மக்களவைத் தொகுதியில் 4 லட்சம் வாக்குக்கு மேல் வாங்கினார். சுமார் 21,000 வாக்கில் தோற்றார். அவ்வளவும் பசுமைக்கு விழுந்த வாக்கு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். சாதிக் கணக்கும் கூட்டணிக் கணக்கும் அதில் ஏராளம்.

அதனால் புதுக் கட்சி எம்.பி. கனவை ஓரம் வைத்துவிட்டு ஊராட்சித் தேர்தலில் இறங்குவது நல்லது. அங்கே கட்சிச் சின்னம் கிடையாது, ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டுதான். ஏரிக்கு வரும் கால்வாயை முன்னே நின்று தூர்வாரியவர் யார் என்பது ஊருக்கே தெரியும்.