முதல் ஐந்து சதவீதம்

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் பி.ஏ. பொருளியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா பீடி சுற்றுகிறார். லண்டன் பொருளியல் கல்லூரியான எல்.எஸ்.இ.யிலோ, ஆக்ஸ்போர்டிலோ முதுகலை படிக்க ஆசை. என்னைப் போன்றவர்களை எடுப்பார்களா? ஒரு கன்சல்டன்சியில் எண்பதாயிரம் கேட்கிறார்கள், விண்ணப்பக் கட்டுரை, கடிதம் எல்லாம் அவர்களே எழுதிவிடுவார்களாம். பரிந்துரைக் கடிதம் கேட்டால் எச்.ஓ.டி. சார் “நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்” என்கிறார். எங்கள் ஊர் பீடித் தொழில் பற்றி நான் செய்த புராஜெக்ட்டை மூன்று முறை திருத்தித் தந்த மேடம் ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் கௌரவ விரிவுரையாளர்தான், அவர் கடிதம் எடுபடாது என்கிறார்கள். ராமானுஜன் யார் சிபாரிசும் இல்லாமல் ஒரே கடிதத்தில் கேம்பிரிட்ஜ் போனாரே என்று நினைத்துத் தேற்றிக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் சான்றிதழுக்கு அலைவது அடிமைப்புத்தி என்கிறான் வகுப்பு நண்பன். என் விண்ணப்பக் கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

மு.

அன்புள்ள மு.,

நண்பரின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதே எல்.எஸ்.இ.யில் 1921இல் எம்.எஸ்சி.யும் 1923இல் டி.எஸ்சி.யும் வாங்கிய அம்பேத்கர் அடிமையாகவா ஊர் திரும்பினார்? போதும். நண்பரைத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

எடுப்பார்களா என்றால், எடுப்பார்கள், எடுக்காமலும் போவார்கள். அதை நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. எல்.எஸ்.இ.யில் பெரும்பாலான முதுகலைப் படிப்புகளில் விண்ணப்பம் வர வர இடம் நிரம்பிக்கொண்டே போகும். மார்ச் வரை யோசித்துக்கொண்டிருந்தால் யோசித்ததுதான் மிச்சம். ஆக்ஸ்போர்டில் பல படிப்புகளுக்கு டிசம்பர், ஜனவரியிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்றாண்டுப் பட்டம் போதுமா என்பது அந்தந்தப் படிப்பின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், பொறுமையாகப் படியுங்கள். கட்டணம் மட்டுமே 30,000 பவுண்டைத் தாண்டும் படிப்புகள் நிறைய. விசாவுக்குப் போகும்போது மருத்துவக் கட்டணம் என்று ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. வங்கியில் பணம் 28 நாள் குறையாமல் கிடக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த 28 நாளுக்கு மாமாவிடம் கைமாற்று வாங்கிக் காட்டிவிட்டு, அங்கே போய் இறங்கியதும் விழிக்கிறவர்களை எனக்குத் தெரியும். உதவித்தொகை இல்லாமல் நீங்கள் போகக் கூடாது. செவனிங் என்ற பிரிட்டிஷ் அரசு உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், இப்போது ஆகாது. காமன்வெல்த், ஃபெலிக்ஸ் உதவித்தொகைகள் இரண்டையும் பாருங்கள்.

கட்டுரை. ‘சிறு வயது முதலே பொருளியல் மீது தீராத ஆர்வம்’ என்று தொடங்குகிறது. எந்தச் சிறு வயதில்? அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். கன்சல்டன்சி பற்றி ஒன்றே ஒன்று: எண்பதாயிரம் ரூபாய்க்கு உங்கள் அம்மா எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும்? பீடியில் புராஜெக்ட் செய்தவர் நீங்கள். போட்டுப் பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் எச்.ஓ.டி. சொன்ன அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோந்து வாசம் வந்துவிட்டது.

1993இல் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சாயங்கால வேலை பார்த்தேன். ஜாப் டைப்பிங், பக்கத்துக்கு நாலு ரூபாய், அதில் எனக்கு ஒன்று. ஊரில் ஒரு கல்லூரி இருந்தது. அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் விண்ணப்பிக்கிற பையன்கள் லெட்டர்ஹெட் தாளைக் கசங்காமல் நோட்டுக்குள் வைத்து எடுத்து வருவார்கள். முதலாளியின் ஃபைலில் மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தது. எந்தப் பேராசிரியர், எந்தப் பாடம் என்றாலும் அதே கடிதம்தான், பெயரை மட்டும் மாற்ற வேண்டும். ‘நான் பாடம் நடத்திய மாணவர்களில் இவர் முதல் ஐந்து சதவீதத்தில் வருபவர்’ என்று மூன்றாவது வரி. அறுபது பேர் வகுப்பில் ஐந்து சதவீதம் என்றால் மூன்று பேர். ஒரே வகுப்பில் நான் மட்டும் பதினேழு பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். அடித்த தாளைப் பையனே கவரில் போட்டு, கடையிலிருந்த கோந்தைத் தடவி மூடுவான். ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காகப் பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். மாணவன் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாம்!

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். அதிகம் பேசமாட்டாள். அன்று கூட்டம், முதலாளி விரட்டிக்கொண்டிருந்தார். மாதிரிக் கடிதம் ஆணுக்கு எழுதியது. முதல் பத்தியில் ‘அவன்’ வந்த இடமெல்லாம் கவனமாக ‘அவள்’ ஆக்கினேன். இரண்டாம் பத்தியில் மறந்துவிட்டேன். கையெழுத்து வாங்கிக் கவரையும் ஒட்டித் தபாலில் போட்ட பிறகு, ராத்திரி கார்பன் காப்பியை ஃபைலில் வைக்கும்போதுதான் பார்த்தேன். அவள் பாதிக் கடிதம் பெண்ணாகவும் மீதிக் கடிதம் ஆணாகவும் லண்டனுக்குப் போய்விட்டாள். கையெழுத்துப் போட்டவர் ஒரு வரி படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் சொல்லவும் இல்லை.

நம் ஊரில் சிபாரிசு என்றாலே எம்.எல்.ஏ. லெட்டர். யாரைத் தெரியும் என்பதுதான் கணக்கு, உன்னை யாருக்குத் தெரியும் என்பது இல்லை. அங்கே கேட்பது இந்த இரண்டாவதை. உங்களைப் பற்றிய காகிதங்களில் நீங்கள் எழுதக்கூடாத ஒன்று பரிந்துரைக் கடிதம் மட்டும்தான். இப்போது கவர், கோந்து கிடையாது. பரிந்துரைப்பவருக்கே நேராக மின்னஞ்சலில் இணைப்பு போகும். உடனே நம் ஆட்கள் பேராசிரியர் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்குத் தொடங்கிவிட்டார்கள். கன்சல்டன்சி ‘எல்லாம் நாங்களே’ என்கிறதே, அந்த எல்லாமில் இதுவும் சேர்த்திதான். பிடிபட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.

ராமானுஜன் சிபாரிசு இல்லாமல் போனார் என்று யார் சொன்னது? எஃப்.ஏ. என்ற அந்தக் காலக் கல்லூரித் தேர்வில் தேறாத அந்தப் பையன் 1912இல் மதராஸ் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதித் தந்த கடிதம் கூட இருந்தது. எண்கள் சார்ந்த வேலையில் அசாதாரணத் திறமை என்று அதில் குறிப்பாகச் சொல்கிறார். முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தால் மேலே இருந்தவர் நாராயண ஐயர், அவரே கணக்குப் பைத்தியம். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் லண்டனில் இருந்த கணிதப் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார். ஹில் சும்மா புகழவில்லை, இந்த இடத்தில் தவறு, இந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும் என்று பதில் போட்டார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன கடிதம் 1913 ஜனவரி 16. அதற்கு முன் அங்கேயே இரண்டு பேர் கைவிரித்தாயிற்று. ஹார்டி பதில் போட்ட பிறகும் கப்பல் ஏற ஓராண்டுக்கு மேல் ஆனது. அதற்கிடையில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் மதராஸ் வந்தபோது ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. இத்தனை பேரும் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதியவர்கள். ஒருவர்கூட நீயே எழுதிட்டு வா என்று சொல்லவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். எடுபடாது என்று ஒரே வரியில் ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கடைக்காரர் ஆயிரம் பீடிக்குத் தருகிற இலை ஆயிரத்துக்கு வராமல் மீதி இலையைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே பெண்கள், அந்தக் கணக்கை எடுக்கச் சொன்னது அவராகத்தான் இருக்க வேண்டும். மூன்று முறை திருத்தியவருக்கு நீங்கள் எங்கே சறுக்கினீர்கள், எப்படி எழுந்தீர்கள் என்று தெரியும். அதை நிரந்தரப் பேராசிரியர் எழுதினால் என்ன, மாதச் சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத கௌரவ விரிவுரையாளர் எழுதினால் என்ன?

திருத்திய மூன்று பிரதிகளும் பத்திரமாக இருக்கின்றனவா? எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே போய் மேடத்தைப் பாருங்கள். அவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்காது. பல இடங்களில் அது இல்லாமல் ஏற்க மாட்டார்கள். பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்து வாங்க எப்படியும் ஒரு மாதம் இழுத்தடிப்பார்கள், அதனால் அதை முதலில் தொடங்குங்கள். எச்.ஓ.டி.யையும் விட்டுவிட வேண்டாம், குறைந்தது இரண்டு பேர் தேவைப்படும். ஆனால் எழுதிக்கொண்டு போகாதீர்கள். புராஜெக்ட்டை அவர் மேஜையில் வைத்து, “சார், ஒரு தடவை படிச்சிட்டு நீங்களே எழுதுங்க சார்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள்.